கண் டாக்டர் ஆகணும் என்ற மகளை ஐந்து நாள் முகாமுக்கு அனுப்பினேன்

என் மகளுக்கு எட்டாவது படிக்கும்போதே கண் டாக்டர் ஆசை வந்துவிட்டது. எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் பாட்டிக்குப் புரை ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்ததும், சுவரில் இருந்த காலண்டரில் தேதியை அவரே படித்துச் சொன்னார், அங்கே பிடித்தது. (1819-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது, எங்கள் தெருவில் பாதி வீட்டுப் பெரியவர்களுக்கு அங்கேதான் வைத்தியம்.) இப்போது பிளஸ் ஒன் முடித்திருக்கிறாள். நீட் கோச்சிங்குக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் இந்த வேலை எப்படியிருக்கும் என்று ஒருமுறை பார்த்துவிடட்டும் என்று, அண்ணா நகர் பக்கம் ஒரு தனியார் கண் மருத்துவமனை மே மாதம் நடத்திய முகாமில் சேர்த்துவிட்டேன். ஐந்து நாள், 4,000 ரூபாய், மதியச் சாப்பாடும் சேர்த்து.

முதல் நாள் வெறும் பாடம், படம் போட்டுக் காட்டினார்கள், அவ்வளவுதான். இரண்டாம் நாளிலிருந்து ஓ.பி.யில் டாக்டர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். நோயாளியிடம் "பிள்ளைங்க பார்க்கலாமா?" என்று கேட்டு, சரி என்றால்தான் உள்ளே விட்டார்கள். அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

அங்கே ஒரு தாத்தா, கண் அழுத்த நோய்க்காரர், வலி எதுவும் இல்லையே என்று சொட்டு மருந்தை ஆறு மாதம் நிறுத்திவிட்டாராம். "ஐயா, போன பார்வை திரும்ப வராது, இருக்கிறதைக் காப்பாத்தலாம், மருந்தை மட்டும் ஒரு நாளும் விடாதீங்க" என்று டாக்டர் சொல்ல, அவர் மருந்துப் பாட்டிலைக் கையில் உருட்டிக்கொண்டே, "அப்போ ஆபரேஷன் பண்ணினா வந்துடுமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம், டாக்டரும் குரலை உயர்த்தாமல் நாலு தடவை பதில் சொன்னாராம். அன்று ராத்திரி என் மகள் சரியாகச் சாப்பிடவில்லை. கண் டாக்டர் என்றால் எல்லாருக்கும் பார்வை கொடுப்பவர் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் அவள். இந்த ஒரு காலைக்கே அந்த 4,000 தகும் என்பேன்.

ஆபரேஷன் விஷயத்தில்தான் எனக்கு வருத்தம். தியேட்டருக்குள் நின்று பார்க்கலாம் என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள், கடைசியில் வெளியே டிவியில்தான் காட்டினார்கள். தொற்று பயம் இருக்கும், நியாயம்தான், ஆனால் அதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான வெட்டு வழியாகப் புரையை உடைத்து உறிஞ்சி எடுத்ததையும், மடித்து உள்ளே விட்ட லென்ஸ் மெதுவாக விரிந்ததையும் திரையிலேயே தெளிவாகப் பார்த்தாளாம். நாலாம் நாள் ஆட்டுக் கண்ணில் தையல் போட வைத்தார்கள், அதற்கு முப்பது பிள்ளைகளுக்கு இரண்டே மைக்ராஸ்கோப், இவளுக்குக் கிடைத்தது ஐந்து நிமிடம். கடைசி நாள் பாதி நேரத்தை ஒரு கோச்சிங் சென்டர்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். காசு வாங்கிக்கொண்டு பிள்ளைகளிடம் விளம்பரம் பண்ணக் கூடாது, இதை அவர்களிடம் நேரிலும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் அங்கிருந்த இளம் டாக்டர் ஒருவர் ஒளிக்காமல் கணக்குச் சொன்னார். எம்.பி.பி.எஸ். நாலரை வருஷம், பயிற்சி ஒரு வருஷம், அப்புறம் முதுநிலை நீட் எழுதி, வரும் ரேங்குக்குக் கண் பிரிவில் சீட் கிடைத்தால் எம்.எஸ். மூன்று வருஷம். "கண்ணுக்கு மட்டும்தான் படிப்பேன்னு முடிவு பண்ணிட்டு உள்ளே வராதீங்க, முதல்ல முழு உடம்பையும் படிக்கணும்" என்றாராம். ஓ.பி.யில் கண்ணாடிக்குப் பவர் பார்த்துக்கொண்டிருந்த பெண் ஆப்டோமெட்ரி படித்தவர், டாக்டர் இல்லை என்பதும் எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

சேர்ப்பதாக இருந்தால் பிளஸ் ஒன் முடிந்த லீவிலேயே சேருங்கள், பிளஸ் டூ வருஷத்தில் நேரமே இருக்காது. ஒரு பேட்ச்சில் எத்தனை பிள்ளைகள், ஓ.பி.யில் எத்தனை நாள், இந்த இரண்டையும் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். ஓ.பி. ஒரு நாள்தான் என்றால் வேண்டாம். என் மகள் இன்னும் கண் டாக்டர் என்றுதான் சொல்கிறாள். பாட்டி இப்போது சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார், வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரையைக் காட்ட வேண்டும் என்று இவளே ஜூன் மாதம் அவரை எழும்பூருக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தாள்.