பெர்ணம் கற்பலகைக் கல்லறைகளா, ஆதிச்சநல்லூர்த் தாழிகளா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளை ஒருவர், வரலாற்றுக்கு முந்திய மக்கள் தம் இறந்தோரை நிலத்தில் எங்கு, எவ்வாறு அடக்கம் செய்தனர் என்பதை ஆராயும் தொல்லியலாளராக விரும்பினால், இரு களங்கள் அவரை அழைக்கின்றன.

தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் சான்றுகள் மிகுதி. 1899 முதல் தொல்லியலாளர் அலெக்சாந்தர் ரீ அகழ்ந்த அந்த மேட்டில், 2004இல் தொடங்கிய அகழாய்வு இறந்தோரை இட்டுப் புதைத்த நூற்றுக்கும் மேற்பட்ட தாழிகளையும் எலும்புக்கூடுகளையும் வெளிக்கொணர்ந்தது. ஆயினும், அங்கே ஆய்வாளர்கள் ஏற்கெனவே பலர்.

பேராக்கின் தென்பகுதியில், பெர்ணம், சுங்காய் வட்டாரங்களில் கிடைத்த, கற்பலகைகளை அடுக்கி அமைத்த கற்பலகைக் கல்லறைகளோ வேறு வகையான பொறுமையைக் கேட்கின்றன. 1920களில் ஐவர் எவன்ஸ் என்னும் ஆய்வாளர் ஆராய்ந்த இவற்றில் இரும்புக் கருவிகளும் சூதுபவள மணிகளும் மட்பாண்டங்களும் கிடைத்தன. ஆனால் அமில மண் எலும்பை அரித்துவிடுவதால், புதைக்கப்பட்டவரின் வயதையோ உணவையோ எலும்பிலிருந்து அறியும் வழி பெரிதும் அடைபட்டுள்ளது. ஆகவே கல்லறை ஆற்றிலிருந்து எவ்வளவு தொலைவு, பலகைக்கல் எங்கிருந்து வந்தது, வெள்ளீயமும் பொன்னும் தேடிச் சென்ற வழிகள் அருகில் இருந்தனவா என்று நிலத்தையே படிக்க வேண்டும். ரப்பரும் செம்பனையும் நட மண்ணைப் புரட்டிய இடங்களில் இவ்வேலை இன்னும் கடினம்.

என் தெரிவு பேராக்கே. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் பயின்று, தாழிகளை ஒப்பீட்டுக்காகப் பிறகு கற்கலாம்.