முட்டி சிராய்ப்பு: காத்தாட விடுறதா, மூடி வைக்கிறதா?

வண்டி ஸ்லிப்பாகி முட்டி தேஞ்சு போச்சுன்னா எங்க வீட்ல உடனே ரெண்டு கட்சி, "காத்தாட விடு, தானா காஞ்சிரும்"னு அம்மா, "கட்டுப் போடுறா, ஈ மொய்க்கும்"னு மாமா. ரொம்ப நாள் நான் அம்மா கட்சி, இப்ப தாவிட்டேன்.

காய விட்டா மேல பக்கு கட்டும், ஆறிட்ட மாதிரியே தெரியும், ஆனா புதுத்தோல் ஈரத்துலதான் சுலபமா பரவும், பக்கு இருந்தா அந்தக் காஞ்ச சதைக்கு அடியில பூந்து பூந்து போகணும், அதான் லேட்டாகுது. 1962லயே ஜார்ஜ் விண்டர்னு ஒருத்தர் பன்னித் தோல்ல லேசா காயம் பண்ணி, பாதிய பாலிதீன் ஷீட்டால மூடி, பாதிய திறந்து விட்டுப் பாத்திருக்காரு. மூடினதுல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வேகமா தோல் வந்துச்சு. அதுவும் முட்டின்னா மடக்குற ஒவ்வொரு தடவையும் பக்கு வெடிக்கும், பேண்ட்ல ஒட்டும், அது தனிக் கொடுமை.

அதுக்காக பஞ்ச வச்சு அமுக்கிடாதீங்க, நார் ஒட்டி, பிரிக்கும்போது புதுத்தோலும் சேந்து உரியும். வாஸ்லின் தடவி, மேல ஒட்டாத பேட் இல்ல பாரஃபின் காஸ் (வாஸ்லின் மாதிரி மெழுகு ஊறின வலைத்துணி), அதுக்கு மேல டேப், தினம் ஒரு தடவை மாத்தணும். நம்ம ஊர் வேர்வைக்கு நனைஞ்சா அப்பவே மாத்திடணும். சின்னக் கீறல்னா சும்மா விட்டாலே போதும்.

கழுவுறதுல எனக்கு டவுட்டே இல்ல, பைப் தண்ணியும் சோப்பும்தான். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊத்தினா பொங்குறது கிருமியால மட்டும் இல்ல, நம்ம ரத்தத்துல இருக்குற என்சைமாலயும்தான், அது புது செல்லையும் சேத்து அரிக்கும். பீட்டாடின் ஒரு தடவை ஓகே. மஞ்சத்தூள், காபித்தூள் வேணவே வேணாம், அப்புறம் டாக்டர்தான் அத சுரண்டி எடுக்கணும். ரோட்டு மண்ணு உள்ள தங்கிட்டா பச்சை குத்தின மாதிரி கறை நிரந்தரமா நின்னுடும், கழுவியும் போகலன்னா ஆஸ்பத்திரிதான். அழுக்குக் காயத்துக்கு, கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருஷம் தாண்டியிருந்தா மறுபடி போடணும்.

ஏற்கனவே பக்கு கட்டிருச்சா? பிய்க்காதீங்க, வாஸ்லின் தடவி மூடி வைங்க, ஊறித் தானா விழும்.