பிளஸ் டூ ரிவிஷன்: வாரத்துக்கு ஒரு பாடமா, தினமும் மாற்றி மாற்றியா?

செய்முறைத் தேர்வு நெருங்கும் நேரத்தில் சேலத்துப் பிள்ளைகளின் நோட்டுகளில் இரண்டு வகை அட்டவணைகளைப் பார்க்கிறேன். இந்த வாரம் முழுக்க இயற்பியல், அடுத்த வாரம் முழுக்க வேதியியல் என்று ஒதுக்குவது ஒரு வகை. எல்லாப் பாடங்களையும் தினமும் கொஞ்சம் கொஞ்சம் தொடுவது இன்னொரு வகை. பொதுத்தேர்வுக்கு வருவதோ ஆண்டு முழுவதன் போர்ஷன். இயற்பியலில் 11 அலகு, வேதியியலில் 15 அலகு, அதற்கு மேல் உயிரியலும் கணக்கும். ஜூனில் நடத்திய பாடமும் மார்ச்சில் கேள்வியாக வரும். அதனால் எது சீக்கிரம் முடிகிறது என்று பார்க்காமல், எது மார்ச் வரை மனதில் நிற்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

வாரத்துக்கு ஒரு பாடம் என்றால் மனம் ஒரே இடத்தில் நிற்கும். மாறுதிசை மின்னோட்டம் போன்ற பாடத்தை முதல்முறை புரிந்துகொள்ள அந்த நிதானம் தேவைதான். ஆனால் நான்காவது பாடத்துக்கு வரும்போது முதலில் படித்தது மூன்று வாரப் பழசாகிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், இந்த முறை 'எனக்கு வந்துவிட்டது' என்ற பொய்யான தைரியத்தைத் தருவது. ஒரே அலகின் கணக்குகளை வரிசையாகப் போடும்போது எந்தச் சூத்திரம் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. வினாத்தாளில் கேள்விக்குப் பக்கத்தில் அலகின் பெயர் போட்டிருக்காது.

ரோரர், டெய்லர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. வடிவங்களின் கனஅளவுக் கணக்குகளைக் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். பயிற்சியின்போது வகைவாரியாகப் போட்டவர்கள் 89 சதவீதம், கலந்து போட்டவர்கள் 60 சதவீதம். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் வகைவாரியாகப் போட்டவர்கள் 20 சதவீதத்துக்கு இறங்கிவிட்டார்கள், கலந்து போட்டவர்கள் 63 சதவீதம் எடுத்தார்கள். கலந்து படிக்கும்போது தடுமாறுகிறதே என்று பயப்படும் பிள்ளைகளுக்கு இந்த எண்களைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

வேதியியலில் கலந்து படிப்பதால் இன்னொரு லாபமும் உண்டு. முதல் அலகு உலோகவியல். சேர்வராயன் மலையின் அலுமினியத் தாதுவான பாக்சைட்டையும் ஊரை ஒட்டிய மெக்னீசியத் தாதுவான மேக்னசைட்டையும் கேள்விப்பட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அது அந்நியமான பாடமில்லை. அலுமினியத்தை மின்னாற்பகுப்பில் பிரிப்பது அதில் வருகிறது. அந்த மின்னாற்பகுப்பின் கணக்கைச் சொல்லும் ஃபாரடே விதிகளோ ஒன்பதாவது அலகான மின் வேதியியலில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே நாளில் எடுத்தால் ஒன்று மற்றொன்றைப் பிடித்துக்கொள்ளும்.

சரி, தினசரி முறையில் குறையே இல்லையா? இருக்கிறது. ஒரே மாலையில் நான்கு பாடம் என்றால் எதிலும் கால் ஊன்ற முடியாது. ஒரு ஐந்து மதிப்பெண் தருவிப்பு பாதியில் நிற்கும்போதே அடுத்த புத்தகத்தை எடுக்க வேண்டியிருக்கும். ஏற்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் இறங்கி ஏறும் பிள்ளைக்கு வீட்டில் கிடைக்கும் நேரமே குறைவு. 20 கொண்டை ஊசி வளைவுகளில் புத்தகம் விரித்தால் குமட்டல்தான் மிச்சம். அந்த நேரத்தில் பக்கத்து சீட்டுத் தோழியிடம் ஒரு மதிப்பெண் வினாக்களை வாயால் கேட்டுக்கொள்ளலாம். அதுவும் நல்ல படிப்புதான்.

நான் தேர்ந்தெடுப்பது தினமும் மாற்றிப் படிக்கும் முறையைத்தான், ஆனால் நாளுக்கு இரண்டு பாடம் மட்டும். ஒன்று கணக்குப் போடுவது, மற்றது எழுதிப் பார்ப்பது. இன்று இயற்பியலும் தாவரவியலும், நாளை வேதியியலும் கணிதமும், மறுநாள் விலங்கியலோடு மறுபடி இயற்பியல். எந்த அலகைத் தொட்டு அதிக நாள் ஆகிறதோ அது முதலில். சுத்தமாகப் புரியாத அலகுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமையை முழுசாகக் கொடுத்துவிடலாம்.

அப்புறம், எந்த முறையானாலும் திரும்பத் திரும்ப வாசிப்பதை ரிவிஷன் என்று எண்ண வேண்டாம். ரோடிகர், கார்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்களின் 2006 ஆய்வில், வாசித்ததையே மறுபடி வாசித்தவர்களைவிட, புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதியவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது முடிவு நேர்மாறாக இருந்தது. அதனால்தான் வாசிப்பது அவ்வளவு நிம்மதியாக இருக்கிறது. பிள்ளை புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெள்ளைத்தாளோடு உட்கார்ந்திருந்தால், 'படிக்காமல் என்ன பண்ற?' என்று வீட்டில் கேட்காதீர்கள்.

ஒரே பாடத்தை மட்டும் எடுக்கும் முறை ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு: பொதுத்தேர்வுகளுக்கு நடுவே வரும் இடைவெளி நாட்கள். அப்போது அடுத்த தேர்வுப் பாடம் மட்டும் போதும். புது அலகைத் தொடாமல், மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து ஒரு முழு வினாத்தாளை எழுதட்டும். இயற்பியல், வேதியியல் தாள்களில் இரண்டு மதிப்பெண்ணிலும் மூன்று மதிப்பெண்ணிலும் ஒன்பதில் ஆறு எழுதினால் போதும், ஆனால் ஒவ்வொரு பிரிவிலும் ஒன்று கட்டாய வினா. எழுதிய தாளில் அந்த இரண்டையும் முதலில் திருத்துங்கள்.