மெனுவில் எது மின்ன வேண்டும்: ஸ்டோரேஜைக் கேட்பதா, முகவரியைக் கேட்பதா, சர்வரிடமே விடுவதா?

ஒரு பலகாரக் கடைக்கு வெப்சைட் செய்துகொடுத்தேன். மெனுவில் நான்கே லிங்க்: முகப்பு, பலகாரம், மொத்த ஆர்டர், தொடர்பு. எந்தப் பக்கத்தில் இருக்கிறோமோ அந்தப் பெயருக்குக் கீழே மஞ்சள் கோடு விழ வேண்டும், அவ்வளவுதான் வேலை. கிளிக் செய்ததும் பழைய லிங்க்கிலிருந்து ‘ஆக்டிவ்’ கிளாஸை (கோடு போடச் சொல்லும் அடையாளப் பெயர்) எடுத்துப் புதிய லிங்க்கில் சேர்க்கும் நாலு வரி ஜேக்வெரி (ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) எழுதினேன். கோடு ஒரு கணம் சரியான இடத்தில் விழுந்தது. பக்கம் மாறியதும் திரும்ப ‘முகப்பு’க்கே ஓடிவிட்டது.

ஜாவாஸ்கிரிப்ட் சேர்த்த கிளாஸ் அப்போது திறந்திருக்கும் பக்கத்தின் டாமில், அதாவது பிரவுசர் தன் நினைவில் கட்டிவைத்த பக்க வடிவத்தில், மட்டுமே இருக்கிறது. ரீஃப்ரெஷ் செய்தால் அந்த டாம் கலைந்து, ஹெச்டிஎம்எல்லிலிருந்து மறுபடி எழும். ஹெச்டிஎம்எல்லில் நான் ‘முகப்பு’க்குத்தான் கிளாஸ் எழுதி வைத்திருந்தேன். பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் இதே பெயரில் ஏற்கெனவே இருக்கும் ‘ஆக்டிவ்’ நிலை இதற்கு உதவும் என்று நம்பி அரைநாளைத் தொலைப்பவர்களும் உண்டு. அது மவுஸை அழுத்திப் பிடித்திருக்கும் நேரத்துக்கு மட்டுமானது.

தேடினால் முதலில் கிடைக்கும் மருந்து லோக்கல் ஸ்டோரேஜ், அதாவது பிரவுசரிலேயே தகவலைச் சேமித்து வைக்கும் இடம். கிளிக் செய்த லிங்க் எத்தனையாவது என்று ஓர் எண்ணைச் சேமித்துவை, பக்கம் வந்ததும் அதைப் படித்துக் கிளாஸைப் போடு. நானும் போட்டேன். ரீஃப்ரெஷ் செய்து பார்த்தேன், கோடு அசையவில்லை. நிம்மதியாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டாம் நாள் கடைக்காரர் போன் செய்தார். “தம்பி, வாட்ஸ்அப்ல வந்த லிங்க்கத் தட்டினேன். பலகாரப் பக்கம் வருது, ஆனா மேல தொடர்புக்குல்ல கோடு இருக்கு?”

அவர் முந்தின நாள் கடைசியாகத் தட்டியது ‘தொடர்பு’. ஸ்டோரேஜுக்குத் தெரிந்தது அது மட்டும்தான். மெனுவைத் தொடாமல் ஒரு பக்கத்துக்கு வர எத்தனையோ வழி இருக்கிறது: பகிர்ந்த லிங்க், புக்மார்க், கூகுள், பேக் பட்டன். பேக் பட்டனை அழுத்தினால் பக்கம் திரும்பும், சேமித்த எண் திரும்பாது. ஒரே தளத்தை இரண்டு டேபில் திறந்து, ஒன்றில் மெனுவைத் தட்டிவிட்டு இன்னொன்றை ரீஃப்ரெஷ் செய்தால் அங்கேயும் கோடு தப்பான இடத்தில் விழும். செஷன் ஸ்டோரேஜ் டேபுக்கு டேப் தனி என்பதால் இந்தக் கடைசிச் சிக்கல் மட்டும் தீரும். மற்றவை அப்படியே இருக்கும்.

‘எதைத் தட்டினார்’ என்பதும் ‘எங்கே இருக்கிறார்’ என்பதும் வேறு வேறு கேள்வி. இரண்டாவதற்குப் பதில் முகவரிப் பட்டையிலேயே இருக்கிறது. ரீஃப்ரெஷ் செய்தாலும் அது போவதில்லை.

அதனால் அடுத்த போட்டியாளர், முகவரியை ஒப்பிடுவது. பக்கத்தின் பாத்நேமை (முகவரியில் தளத்தின் பெயருக்குப் பின்னால் வரும் பாதை) எடுத்து, மெனுவின் ஒவ்வொரு லிங்க்கின் பாத்நேமோடும் ஒப்பிட்டு, பொருந்துவதற்குக் கிளாஸ். பத்து வரிகூட ஆகாது. முழு முகவரியை எடுத்து ஒப்பிடாதீர்கள். ஃபேஸ்புக்கிலிருந்து வருபவரின் முகவரிக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டு ஒரு வால் ஒட்டியிருக்கும், அப்புறம் எதுவும் பொருந்தாது. கடைசியில் சாய்கோடு இருப்பதும் இல்லாததும் ஒன்றாகத் தெரியும்படி வெட்டிவிட வேண்டும். பலகாரத்துக்குள் இருக்கும் அதிரசப் பக்கத்திலும் ‘பலகாரம்’ மின்ன வேண்டும் என்றால், முகவரியின் தொடக்கம் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் முகப்பின் முகவரி வெறும் சாய்கோடு; எல்லா முகவரியும் அதில்தான் தொடங்கும். முகப்புக்கு மட்டும் முழுப் பொருத்தம் கேட்கவில்லை என்றால் அது எல்லாப் பக்கத்திலும் மின்னிக்கொண்டே இருக்கும்.

தமிழில் முகவரி வைப்பவர்களுக்கு இன்னொரு பொறி. ‘பலகாரம்’ என்று முகவரிப் பட்டையில் அழகாகத் தெரிந்தாலும், பாத்நேமைக் கேட்டால் விழுக்காட்டுக் குறிகளால் நிரம்பிய நீண்ட சரம் வரும். யூனிகோடில் இந்தச் சொல் 7 குறிகள் (ப, ல, க, கால், ர, ம, புள்ளி), குறிக்கு 3 பைட், பைட்டுக்கு 3 எழுத்து (ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு ஹெக்ஸ் எழுத்தும்), மொத்தம் 63. ஹெச்டிஎம்எல்லில் தமிழிலேயே எழுதிய ஹெச்ரெஃபை (லிங்க் போய்ச்சேரும் முகவரி) அப்படியே எடுத்து இதோடு ஒப்பிட்டால் ஒருநாளும் பொருந்தாது. இரண்டையும் டிகோட் செய்து, அதாவது தமிழுக்கே திருப்பிவிட்டு, ஒப்பிடுங்கள். ஒன்றில் ஹெக்ஸ் பெரிய எழுத்திலும் இன்னொன்றில் சிறிய எழுத்திலும் இருந்தால் வரும் தகராறும் அதிலேயே தீர்ந்துவிடும்.

மூன்றாவது, பக்கத்தைத் தயாரிக்கும் இடத்திலேயே கிளாஸைப் போட்டு அனுப்புவது. சர்வரில் ஓடும் பிஎச்பி, ஜாங்கோ, லாராவெல் எதுவானாலும், எந்தப் பக்கத்தைக் கொடுக்கிறோம் என்பது சர்வருக்குத் தெரியும். வேர்ட்பிரஸ் இந்த வேலையைத் தானே செய்கிறது. அதன் மெனு ‘கரண்ட்-மெனு-ஐட்டம்’ என்ற கிளாஸோடுதான் வரும், சிஎஸ்எஸ்ஸில் நிறம் கொடுத்தால் போதும். ஜாவாஸ்கிரிப்ட் ஓடும்வரை கோடு இல்லாமல் இருந்து பிறகு திடீரென்று முளைக்கும் அந்தச் சின்ன உறுத்தலும் இதில் கிடையாது. கவனம் வேண்டிய ஒரே இடம் கேஷ், அதாவது ஒருமுறை தயாரித்ததைச் சேமித்துவைத்து மறுபடி கொடுப்பது. மெனு இருக்கும் மேல்பகுதியான ஹெடரை மட்டும் தனியாகக் கேஷ் செய்து எல்லாப் பக்கத்துக்கும் ஒட்டினால், முதலில் வந்தவரின் மஞ்சள் கோடுதான் எல்லாருக்கும் கிடைக்கும்.

ரியாக்ட், வியூ என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவிகளில் தளம் கட்டும் ஆட்களுக்கு இந்தப் போட்டியே இல்லை. ரியாக்ட் ரவுட்டரின் நேவ்லிங்க்கும் வியூவின் ரவுட்டர்-லிங்க்கும் முகவரியைப் பார்த்துத் தாமே கிளாஸ் போடுகின்றன. அங்கேயும் ஸ்டேட்டில் (நிரல் ஓடும்போது நினைவில் வைக்கும் தகவல்) தனியாக ஓர் எண்ணை வைத்து மல்லுக்கட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன், ஏன் என்றுதான் தெரியவில்லை.

எந்த வழியில் போனாலும் வெறும் கிளாஸோடு நிறுத்தாமல் ‘ஏரியா-கரண்ட்’ பண்பையும், அதற்கு ‘பேஜ்’ என்ற மதிப்பையும் லிங்க்கில் சேர்த்துவிடுங்கள். மஞ்சள் கோடு கண்ணுக்குத்தான். திரையை வாசித்துக் காட்டும் ஸ்க்ரீன் ரீடரில் கேட்பவருக்கு இதுதான் நடப்புப் பக்கம் என்று இந்தப் பண்புதான் சொல்லும். சிஎஸ்எஸ்ஸும் இதையே பிடித்து நிறம் கொடுக்கலாம், தனிக் கிளாஸே தேவைப்படாது.

கடைக்காரரின் தளத்தில் கடைசியில் பிஎச்பியைத்தான் வைத்தேன். ஒவ்வொரு பக்கமும் ஹெடரைச் சேர்ப்பதற்கு முன்னால் தன் பெயரை ஒரு மாறியில் எழுதுகிறது, ஹெடர் அதைப் பார்த்துக் கோடு போடுகிறது. முகவரி ஒப்பீடும் இல்லை, 63 எழுத்துத் தலைவலியும் இல்லை. முழுக்க ஹெச்டிஎம்எல் கோப்புகளாகவே இருக்கும் தளம் என்றால் பாத்நேம் ஒப்பீட்டைத் தயங்காமல் போடுவேன்.

லோக்கல் ஸ்டோரேஜை முழுவதும் துரத்திவிடவில்லை. விலையைக் கிலோவில் காட்டுவதா, அரைக் கிலோவிலா என்று வாடிக்கையாளர் ஒருமுறை தேர்ந்தெடுத்தது இன்னும் அங்கேதான் இருக்கிறது.