மரமே கூலி என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்

வெட்ட வேண்டிய மரத்தைப் பார்க்க வந்தவர் ஒரு தடவைகூட அண்ணாந்து பார்க்கவில்லை. வந்ததும் டேப்பை எடுத்தார். அடிமரத்தின் சுற்றளவை அளந்தார், முதல் கவட்டை வரை எத்தனை அடி கோணலில்லாமல் போகிறது என்று கணக்குப் போட்டார். ஆள் வேலையில் கறார் போலிருக்கிறது என்று எனக்கு மகிழ்ச்சி. அவர் பார்த்துக்கொண்டிருந்தது மரம் அறுக்கும் சா மில்லில் கட்டைக்குக் கிடைக்கப்போகும் விலையை என்பது இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது.

வீட்டை ஒட்டி நின்ற தூங்குமூஞ்சி மரம் அது. 18 மீட்டருக்குக் குறையாத உயரம். நெஞ்சு உயரத்தில் அடிமரத்தின் விட்டம் 90 சென்டிமீட்டர். ஒரு பெரிய கிளை படுக்கையறைக் கூரையைத் தாண்டி நீண்டிருந்தது. அடியில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருந்தது. ஒரு காற்று நாளுக்குப் பிறகு வேர்ப் பக்கத்து மண்ணில் அரைவட்டமாக ஒரு வெடிப்பும் தெரிந்தது. வெட்டுவது என்று முடிவெடுத்ததில் தப்பில்லை. யாரை வைத்து வெட்டுவது என்பதில்தான் கோட்டைவிட்டேன்.

முதலில் வந்து பார்த்தவர் வேறொருவர். மரத்தை மூன்று முறை சுற்றினார், ஒரு மரச் சுத்தியலால் அடிமரத்தைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது, மின்கம்பி எந்தப் பக்கமாக வீட்டுக்குள் வருகிறது என்று கேள்வி மேல் கேள்வி. கடைசியில், "இதுல ஆள் ஏறக் கூடாதும்மா. கிரேன் வேணும்" என்று ஒரு தொகை சொன்னார். கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. பணம் பறிக்க வழி பார்க்கிறார் என்றே நினைத்தேன்.

அதற்கடுத்து வந்தவர்தான் டேப்புக்காரர். "அக்கா, எதுக்குக் கிரேனு? நம்ம பையன் ஏறுனா குரங்கு தோத்துடும். மரத்தை எங்களுக்கே விட்டுடுங்க, கூலியில பாதி கொடுத்தாப் போதும்" என்றார். மரமும் போகும், பணமும் மிச்சம். எழுத்தில் எதுவும் வாங்காமல் முன்பணம் கொடுத்துவிட்டேன்.

முதல் நாள் வேலை அவ்வளவு நேர்த்தியாக நடந்தது. நான்கு பேர் வந்தார்கள். பையன் வெறுங்காலோடு ஏறினான். இடுப்பில் ஒரே ஒரு கயிறு, கையில் மெஷின் ரம்பம். வீட்டுக்கு எதிர்ப்பக்கம் காலி இடம் என்பதால் அந்தப் பக்கத்துக் கிளைகள் மடமடவென்று விழுந்தன. சாயங்காலத்துக்குள் மரத்தின் ஒரு பாதி மொட்டை. நான் எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்து, லாரி வாடகைக்கு வேண்டும் என்று கேட்ட பணத்தையும் கொடுத்தேன். அதோடு பேசிய தொகையில் முக்கால் பங்கு போய்விட்டது.

அந்த முதல் நாள்தான் மொத்த வேலையிலேயே ஆபத்தான நாள் என்று இப்போது தெரிகிறது. பெரிய மரம் தன் எடையை நாலாபக்கமும் பங்கிட்டுத்தான் நிற்கிறது. எதிர்ப்பக்கக் கிளைகளை எல்லாம் கழித்துவிட்டால் மிச்ச எடை அத்தனையும் வீட்டுப் பக்கம் இழுக்கும். வேரோ ஏற்கெனவே உளுத்தது, மண்ணில் வெடிப்பு வேறு. எளிதான பக்கத்தை முதலில் முடிப்பது வேலைக்காரருக்கு லாபம்: சீக்கிரம் கட்டை கிடைக்கிறது, சீக்கிரம் காசு கேட்கலாம். அதற்காக அவர்கள் மரத்தை என் படுக்கையறையைப் பார்த்துச் சாயவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் அன்றிரவு அதன் கீழேதான் தூங்கினேன்.

இரண்டாம் நாள் கூரைக்கு மேலிருந்த கிளை. கீழே நின்று டேப்புக்காரர் மேலே பார்த்துக் கத்தினார்: "பத்து அடிக்குக் குறைச்சு வெட்டாதடா, துண்டு போட்டா மில்லுல எடுக்க மாட்டான்!" இந்த ஒரு வாக்கியத்தை நான் மறக்கவே மாட்டேன். எல்லா விபரீதத்துக்கும் வேர் அதில்தான் இருந்தது.

கொஞ்சம் கணக்கு பாருங்கள். அந்த இடத்தில் கிளையின் விட்டம் சுமார் 40 சென்டிமீட்டர். பத்து அடி என்றால் 3 மீட்டர். பச்சை மரம் கிட்டத்தட்டத் தண்ணீரின் எடைக்கு அருகில் இருக்கும். கனமீட்டருக்கு 900 கிலோ என்று வைத்தால் அந்த ஒரு துண்டு 340 கிலோ வருகிறது. மூன்றடித் துண்டாக வெட்டியிருந்தால் 100 கிலோதான். நீளம் இரட்டித்தால் எடை இரட்டிக்கும், விட்டம் இரட்டித்தால் நான்கு மடங்காகும். கீழே இருந்து பார்க்கும்போது எல்லாக் கிளையும் விறகு மாதிரிதான் தெரியும்.

இந்த 340 கிலோவை மேலே ஒரு கவட்டையில் கயிற்றைப் போட்டு, மறுமுனையை இரண்டு ஆட்கள் வெறுங்கையால் பிடித்துக்கொண்டு இறக்கப்போனார்கள். பையன் மேல்பக்கமிருந்து மட்டும் அறுத்தான். அடிப்பக்கத்தில் முதலில் ஒரு வெட்டு கொடுத்துவிட்டு அப்புறம் மேலே அறுக்க வேண்டுமாம். கொடுக்காவிட்டால் பாதி அறுக்கும்போதே எடை தாங்காமல் கிளை தன்னைத்தானே பிளந்துகொள்ளும். அப்படியே ஆனது. துப்பாக்கி சுட்ட மாதிரி ஒரு சத்தம். துண்டு கீழே போனது, கயிற்றைப் பிடித்திருந்த இருவரும் ஒரு கணம் தரையிலிருந்து எழும்பினார்கள், கைத்தோல் உரிந்து கயிற்றை விட்டார்கள். நல்லவேளை விட்டார்கள். கட்டை மாடிச் சுவரை இடித்து, சன்ஷேடைப் பெயர்த்து, தண்ணீர்க் குழாயையும் பிடுங்கிக்கொண்டு விழுந்தது. எடை போன மிச்சக் கிளை வில் மாதிரி மேலே துள்ளியது. பையன் ரம்பத்தை விட்டுவிட்டுக் கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். ஓடிக்கொண்டிருந்த ரம்பத்துக்கும் அவன் இடுப்புக் கயிற்றுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருந்தால் அதிகம்.

அவன் இறங்கி வந்து தண்ணீர் கேட்டபோது அவன் கை நடுங்கியதைப் பார்த்தேன். என் கோபம் முழுவதும் அவன் முதலாளி மேல்தான், அவன் மேல் துளிகூட இல்லை. இருபது வயதுகூட இருக்காது.

முதலாளி கூரையைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார். கட்டை உடையவில்லை என்று உறுதி செய்துகொண்டு லாரியில் ஏற்றச் சொன்னார். "மேடம், மரம்னா இப்படித்தான். ரிஸ்க் வேலைன்னு தெரிஞ்சுதானே கூப்பிட்டீங்க" என்றார். அக்கா மேடம் ஆன அந்த நொடியே எனக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனவர் மூன்று நாள் போனை எடுக்கவில்லை. நான்காம் நாள் எடுத்து, மிச்ச மரம் "சிக்கலான வேலை", அதற்குத் தனிக் கூலி, அதுவும் முன்கூட்டியே வேண்டும் என்றார். நாங்கள் முதலில் பேசிய மொத்தத் தொகையைவிட அது அதிகம். விற்கக்கூடிய கட்டை அவரிடம் போய்விட்டது. பிளந்து தொங்கும் பாதிக் கிளையும், உளுத்த அடிமரமும், ஒரு பக்கம் சாய்ந்த எடையும் என்னிடம் இருந்தன. அந்தக் கிளைக்குக் கீழே படுக்க முடியாமல் முன்னறையில் பாய் விரித்துப் படுத்தோம். இப்படி மாட்டிக்கொண்டவர் கேட்டதைக் கொடுப்பார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அரைகுறையாக வெட்டிய மரத்தை வேறு எவரும் தொடத் தயங்குவார்கள் என்பதும் தெரியும்.

நான் கொடுக்கவில்லை. வெட்கத்தை விட்டு, சுத்தியலால் தட்டிப் பார்த்த அந்த முதல் ஆளுக்குப் போன் செய்தேன். ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல் மறுநாள் காலையில் வந்தார். வந்ததும் முதல் வேலையாக அந்தப் பக்கத்து அறைகளைக் காலி செய்யச் சொன்னார்.

பிறகு அவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே கொட்டிவைக்கிறேன். கயிற்றில் கட்டை இறக்குவது கைபலத்தால் செய்கிற காரியம் இல்லையாம். கயிற்றை அடிமரத்தில் மூன்று சுற்றுச் சுற்றினால், அல்லது அதற்கென்றே இருக்கும் இரும்பு உருளையில் சுற்றினால், அந்த உராய்விலேயே ஒரே ஆள் கட்டையை மெல்ல விடலாம். மேலே கயிற்றைத் தாங்கும் கப்பியோ கவட்டையோ கட்டையின் எடையை மட்டும் தாங்குவதில்லை, இழுப்பையும் சேர்த்துக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கைத் தாங்குகிறது. கட்டை கொஞ்ச தூரம் விழுந்து சடக்கென்று கயிறு பிடித்தால் அந்த அதிர்ச்சிச் சுமை எடையைப் போலப் பல மடங்கு. அதனால்தான் உச்சியில் சின்னச் சின்னத் துண்டுகளாக எடுப்பார்கள். சின்னத் துண்டுக்கு விலை கிடையாது. மரத்தையே கூலியாக வாங்குகிறவருக்கு நீளமாக வெட்டினால்தான் லாபம், உங்கள் கூரைக்கோ சின்னதாக வெட்டினால்தான் பாதுகாப்பு. இந்த இரண்டும் ஒரே மரத்தில் ஒத்துப்போகாது. கூலியைக் கூலியாகக் கொடுங்கள். மரத்தை விற்பதானால் அது தரையில் கிடக்கும்போது தனியாக விலை பேசுங்கள்.

ஏறுகிறவரின் உடுப்பைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். ரம்பத்தை ஓட்டும் நேரத்தில் மரத்தோடு இரண்டு இடத்தில் கட்டியிருக்க வேண்டும். அதில் ஒன்று உள்ளே எஃகுக் கம்பி வைத்த கயிறாக இருந்தால், தவறி ரம்பம் பட்டாலும் சட்டென்று அறுந்துவிடாது. முழு வேகத்தில் ரம்பச் சங்கிலி நொடிக்கு 20 மீட்டருக்கு மேல்கூட ஓடும். அதற்கென்று வரும் கால்சட்டையில் நீள நீளமான இழைகள் அடைத்திருக்கும். சங்கிலி பட்டால் அவை பிய்ந்து வந்து பல்சக்கரத்தில் சுற்றி ரம்பத்தையே நிறுத்திவிடும். அந்தப் பையன் போட்டிருந்தது அரைக்கால் சட்டை. பத்து மீட்டரிலிருந்து விழுந்தால் ஒன்றரை நொடிக்குள் தரை. அதற்குள் யாரும் எதையும் செய்ய முடியாது.

மின்கம்பி பக்கத்தில் இருந்தால் மின் இணைப்பு கொடுக்கும் அலுவலகத்தில் சொல்லி நிறுத்தாமல் ஒரு கிளைகூடத் தொடக் கூடாது. பச்சை மரத்தில் மின்சாரம் பாயும், ஈரக் கயிற்றிலும் பாயும். மரம் வெட்ட அனுமதி வாங்க வேண்டிய ஊர்களில் அதையும் வெட்டுபவர் தலையில் கட்டிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், காகிதத்தை உங்கள் கண்ணால் பாருங்கள். ஆட்களுக்கும் பக்கத்துச் சொத்துக்கும் காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள். டேப்புக்காரரிடம் எந்தக் காகிதமும் இல்லாததால், என் சன்ஷேடுக்கு யாரிடம் போய்க் கேட்பது என்றே எனக்குத் தெரியவில்லை. அந்தப் பையன் விழுந்திருந்தால் என் கதி என்ன என்று யோசித்துப் பல இரவு தூக்கம் போனது. பணம் பாதி முன்னால், மீதி கடைசிக் கட்டை அகன்ற பிறகு என்று எழுதி வாங்குங்கள். வேலை எந்த வரிசையில் நடக்கும் என்றும் கேளுங்கள். வீட்டுப் பக்கத்தைப் பற்றி வாயைத் திறக்காமல் காலி இடத்துப் பக்கம் கையைக் காட்டுகிறவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

கிரேன் வந்த அன்று எவரும் மரத்தில் ஏறவில்லை. கூடை வைத்த லிஃப்ட் வண்டியில் ஒருவர் மேலே போய், ஒவ்வொரு துண்டையும் கிரேன் கொக்கியில் கட்டி, பாரம் கிரேனுக்கு வந்த பிறகே அறுத்தார். தொங்கிய கிளை கூரைக்கு மேலே ஒரு சத்தமும் இல்லாமல் மிதந்து போனது. அடிமரத்தைத் தரையோடு அறுத்தபோது உள்ளே ஒரு வாளியைக் கவிழ்த்து வைக்கும் அளவுக்குப் பொந்து. சுற்றிலும் கையகல மரம்தான் உயிரோடு இருந்தது. இதில்தான் அந்தப் பையன் இரண்டு நாள் ஏறி இறங்கியிருக்கிறான்.

போனில் தனிக் கூலி கேட்டபோது டேப்புக்காரரிடம் நான் ஒரு கேள்வி கேட்டிருந்தேன்: மேலே இருப்பவனுக்கு மயக்கம் வந்தால் யார் இறக்குவது? "அதெல்லாம் வராது மேடம்" என்று சிரித்தார். அதே கேள்வியை இவரிடமும் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கீழே நின்ற உதவியாளரைக் கூப்பிட்டு, கூடையைத் தரையிலிருந்தே இறக்கும் விசையைக் காட்டி, எனக்கு முன்னால் ஒரு முறை இறக்கிப் பார்க்கச் சொன்னார். அதற்குப் பிறகுதான் ரம்பத்தை எடுத்தார்கள்.