ஆபரேஷனுக்குப் பிறகு கட்டும் கீல் வைத்த நீள பிரேஸ்: டர்ட் பைக் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு ரிவ்யூ

வளைவில் காலை நீட்டி ஊன்றும்போது பூட்ஸ் மண் பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும். பைக்கும் உடம்பும் நிற்காமல் திரும்பிக்கொண்டே போகும். மோட்டோகிராஸ் பூட்ஸ் கணுக்காலை அசையவிடாது. அந்த முறுக்கு முழுக்க முட்டியில் வந்து இறங்கும். முன் ஜவ்வு, அதாவது ஏசிஎல், அறுந்துபோகும். பல பேருக்குக் கூடவே மெனிஸ்கஸும் (முட்டிக்குள் இருக்கும் குருத்தெலும்பு மெத்தை) உள்பக்க ஜவ்வும் கிழியும். டாக்கர் ராலி என்ற நெடுந்தூரக் கரடுமுரடுப் பந்தயத்தை முதன்முதலில் முடித்த இந்தியரான சி.எஸ். சந்தோஷ் (2015) பெங்களூர்க்காரர். கோலார் பக்கத்து மண் தடங்களுக்கு வார இறுதியில் இங்கிருந்து போகிறவர்கள் நிறைய. அதனால் இந்தக் காயம் இந்த ஊருக்குப் புதிதில்லை.

ஆபரேஷன் முடிந்ததும் சீட்டில் "ஆர்ஓஎம் நீ பிரேஸ், லாங்" என்று எழுதித் தருவார்கள். ஆர்ஓஎம் என்றால் முட்டி எவ்வளவு மடங்கி நீளலாம் என்ற அளவு. தொடையின் நடுவிலிருந்து கெண்டைக்காலின் கீழ்ப்பகுதி வரை வரும். இரண்டு பக்கமும் உலோகக் கம்பி, முட்டிக்கு நேரே கீல், நான்கு வெல்க்ரோ பட்டைகள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: ஏசிஎல் மட்டும் சரிசெய்துகொண்டவர்களுக்கு இது கட்டாயம் தேவை என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. எழுதியே தராத சர்ஜன்களும் இருக்கிறார்கள். மெனிஸ்கஸ் தையல், பக்க ஜவ்வு, பின் ஜவ்வு என்று சேர்ந்து அடிபட்டிருந்தால்தான் இது தன் வேலையைக் காட்டும். எந்தக் கோணம் வரை மடக்கலாம், எத்தனை வாரம் என்பதை சர்ஜனிடம் எழுதி வாங்கிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

பவுரிங் ஆஸ்பத்திரி பக்கமோ ஜெயநகரிலோ சர்ஜிக்கல் கடைகளில் விசாரித்தால் இரண்டு வகை காட்டுவார்கள். ஒன்றில் கோணத்தை சின்ன உலோக ஊசிகளைச் செருகி மாற்ற வேண்டும். மற்றதில் பட்டனை அழுத்தி நகர்த்தினால் போதும். நேராகப் பூட்டுவதற்குத் தனி லாக்கும் இருக்கும். இரண்டாவதையே வாங்குங்கள். ஊசி ஒரு நாள் கட்டிலுக்கடியில் உருண்டுவிடும், அன்றைக்கு பிரேஸ் இருந்தும் இல்லாத மாதிரிதான். கம்பியின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும். கடையிலேயே வெல்க்ரோவை ஒட்டிப் பிரித்துப் பாருங்கள், பிரிக்கும்போது நல்ல சத்தம் வர வேண்டும். யாரோ கட்டிக் கழற்றிய பிரேஸ் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். வெல்க்ரோ தேய்ந்ததை நாலு அடி நடந்த பிறகுதான் கண்டுபிடிப்பீர்கள்.

கட்டும் விதத்தில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, தசையைத் தளர்த்திக்கொள்ளுங்கள். உள்ளே மெல்லிய காட்டன் ஸ்டாக்கினெட் (குழாய் மாதிரியான துணியுறை) போட்டுக்கொண்டால் தோல் புண்ணாகாது. கீலின் நடுப்புள்ளி முட்டிச்சில்லின் நடுவுக்கு நேராக, பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி இருக்க வேண்டும். இரண்டு விரல் கீழே இறங்கினாலே, மடக்கும்போது முட்டி ஓர் இடத்திலும் கீல் வேறோர் இடத்திலும் மடங்கும். பிரேஸ் தொடையைக் கிள்ளும். முதலில் முட்டிக்குக் கீழே, கெண்டைக்கால் சதை பருக்கத் தொடங்கும் இடத்துக்கு மேலே உள்ள பட்டையை இறுக்குங்கள். பிரேஸ் நழுவாமல் நிற்பது அந்தச் சதையின் மேல்தான். பிறகு கணுக்கால் பக்கத்துப் பட்டை, அடுத்து முட்டிக்கு மேலே உள்ளது, கடைசியாகத் தொடையில் பிரேஸின் மேல்முனையில் இருப்பது. ஒவ்வொரு பட்டைக்கு அடியிலும் இரண்டு விரல் நுழைய வேண்டும். எழுந்து பத்து அடி நடந்துவிட்டு மறுபடி ஒருமுறை இறுக்குங்கள். முதல் முறை கட்டியது எப்போதும் கொஞ்சம் தளரும்.

இறுக்கத்தில் ஓர் ஆபத்து உண்டு. முட்டிக்கு வெளிப்பக்கம், சற்றுக் கீழே, கட்டைவிரலால் தடவினால் ஒரு எலும்புக் குமிழ் தட்டுப்படும். அதன் கழுத்தை ஒட்டி, தோலுக்கு மிக அருகில், பாதத்தை மேலே தூக்க வைக்கும் நரம்பு ஓடுகிறது. பட்டையோ கம்பியோ அதன் மேல் அழுந்திக்கிடந்தால் பாதத்தின் மேற்பக்கம் மரத்துப்போகும், பெருவிரலை மேலே தூக்க வராது. முதல் நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பெருவிரலைத் தூக்கிப் பாருங்கள், பாதத்தின் மேலே தடவிப் பாருங்கள். குறை தெரிந்தால் உடனே பட்டையைத் தளர்த்துங்கள். தளர்த்தியும் சரியாகாவிட்டால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், காலை வரை காத்திருக்க வேண்டாம். கெண்டைக்கால் வலித்து, வீங்கி, சூடாக இருந்தால் அது பிரேஸ் பிரச்சினை ஆகாது. ரத்தக் கட்டியாக இருக்கலாம். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே 108.

கோணம் வைப்பதிலும் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். ஒன்று, கீலில் நீட்டுவதற்கு ஒரு எல்லை, மடக்குவதற்கு ஒரு எல்லை என்று தனித்தனியாக இருக்கும். நீட்டும் பக்கத்தில் தவறி 30 வைத்தால் முட்டி நேராகவே ஆகாது. இரண்டு, வெளிக்கீலில் 90, உள்கீலில் 60 என்று வைத்துவிடுவது. அப்போது கம்பிகள் ஒன்றையொன்று முறுக்கும், பிரேஸ் காலைச் சுற்றிப் புரளும். மாற்றியதும் இரண்டு பக்கமும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: கீலில் 90 என்றால் முட்டியும் 90-ல் நிற்கும் என்று பொருளில்லை. சதை அமுங்குவதால் முட்டி அதைத் தாண்டி மடங்கும். அதேபோல 0-வில், அதாவது நேராக, பூட்டியிருந்தாலும், பட்டை தளர்ந்திருந்தால் முட்டி உள்ளே லேசாக மடங்கித்தான் கிடக்கும்.

ஆபரேஷனுக்குப் பிறகு தொடை மெலிவது வேகமாக நடக்கும். முதல் வாரம் கச்சிதமாக இருந்த பிரேஸ் மூன்றாவது வாரம் கெண்டைக்காலுக்கு இறங்கினால் அதற்குக் காரணம் இதுதான். ஸ்டாக்கினெட்டின் மேல் மார்க்கரால் கீலின் மேல் விளிம்புக்கு ஒரு கோடு போட்டுவையுங்கள், இறங்குவது உடனே தெரியும். வாரம் ஒருமுறை பட்டையை வெட்டிக் குறைக்கவோ நீளத்தை மாற்றவோ பிசியோவிடம் கேளுங்கள். உள் பஞ்சைத் தண்ணீரில் சோப்புப் போட்டு அலசி நிழலில் உலர்த்துங்கள். பெங்களூர் மழைக்காலத்தில் அது காய ஒரு முழு நாள் ஆகும், அதனால் இரண்டாவது செட் பஞ்சு தனியாகக் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். வெல்க்ரோவில் சிக்கும் நூலையும் முடியையும் பழைய டூத் பிரஷ்ஷால் கீறி எடுத்தால் பிடிப்பு திரும்ப வரும்.

பூட்டிய காலோடு இந்த ஊர் டிராஃபிக்கில் பிசியோவுக்குப் போவது தனி வித்தை. ஆட்டோவில் காலை நீட்ட இடம் இல்லை, ஒவ்வொரு ஹம்ப்பிலும் முட்டி குலுங்கும். முதல் சில வாரம் கேப்தான் சரி. அடிபட்டது இடது முட்டி என்றால் பின்சீட்டுக்கு இடது கதவு வழியாக ஏறுங்கள். முதலில் முதுகு உள்ளே பார்க்க உட்கார்ந்து, பின்னுக்கு நகர்ந்து எதிர்க் கதவில் சாய்ந்தால் அடிபட்ட கால் சீட்டின் சாய்மானத்தை ஒட்டி நீளமாகக் கிடக்கும், நல்ல கால் தரையில் ஊன்றும். வலது முட்டி என்றால் வலது கதவு. அந்தப் பக்கம் வண்டிகள் உரசிக்கொண்டு போகும், ஓரமாக நிறுத்தச் சொல்லி ஏறுங்கள். வீட்டுப் படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில்.

பிரேஸ் செய்யாத வேலை எது என்று தெரியாததால்தான் பல முட்டிகள் வீணாகின்றன. முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால் சுகமாக இருக்கும். அந்தச் சுகம் முட்டியை மடங்கிய நிலையிலேயே இறுகவைக்கும். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முட்டி தானாகக் கீழே தொங்கி நேராகும். சர்ஜன் அனுமதித்த நேரத்தில் பிரேஸைக் கழற்றி, தொடைத் தசையை இறுக்கிப் பத்து எண்ணும் வரை பிடியுங்கள். பத்து முறை, நாளுக்குப் பல தடவை. பிறகு காலை நேராகத் தூக்கிப் பாருங்கள். முட்டி துளியும் மடங்காமல் தூக்க வந்தால் தொடைத் தசை திரும்பிவிட்டது. பூட்டைத் திறந்து நடப்பதைப் பற்றி சர்ஜன் பேசுவது பெரும்பாலும் அப்போதுதான். வீக்கத்துக்கு ஐஸ் பேக்கைத் துண்டில் சுற்றி 15 முதல் 20 நிமிடம். நேராக நீட்டும்போது முன்னால் ஏதோ முட்டுவது போல இருந்து, வாரக்கணக்கில் அது விலகவில்லை என்றால் உள்ளே வடுத்திசு வளர்ந்திருக்கலாம். ஸ்கேன் கேளுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் பட்டியலில் நீளம், குட்டை, கீல் வைத்தது என எல்லா முட்டி பிரேஸும் காப்பீட்டில் தராத பொருட்களில்தான் வருகின்றன. பாலிசியோடு தனி ரைடர் (கூடுதல் காப்பு) எடுக்காவிட்டால் இது சொந்தக் காசு. தொழில்முறையாக மோட்டார் பந்தயத்தில் ஓட்டும்போது நேர்ந்த காயத்துக்கு ஆபரேஷன் செலவே மறுக்கப்படலாம், விலக்கு எண் 09-ஐப் படித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் பில் போடுவதற்கு முன் வெளியே அதே பிரேஸின் விலையைக் கேட்டுவிடுங்கள்.

இந்த பிரேஸோடு பைக்கில் ஏறவே கூடாது. பக்கவாட்டு அடிக்கும் முறுக்குக்கும் இது கட்டப்பட்டதில்லை. பந்தயத்துக்கான மோட்டோகிராஸ் பிரேஸ் வேறு. கெட்டியான சட்டத்தோடு, முட்டி பின்பக்கமாக வளைவதைத் தடுக்கும். அதுவும் முறுக்கை முழுதாக நிறுத்தாது. ஆபரேஷனில் பொருத்திய ஜவ்வு முதல் மூன்று மாதங்களில் உள்ளுக்குள் பலவீனமாகி, பிறகுதான் மெல்ல இறுகும். வலி போனதை வைத்து அளக்க முடியாது. 9 மாதத்துக்கு முன் தடத்துக்குத் திரும்ப வேண்டாம், அப்போதும் ஒற்றைக்கால் குதிப்பிலும் தொடை பலத்திலும் நல்ல காலின் 90 சதவீதமாவது எட்டியிருக்க வேண்டும். தொடை மறுபடி பருத்த பிறகு, பூட்ஸோடு கடைக்குப் போய்ப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். கீழ்ச்சட்டம் பூட்ஸுக்குள் இறங்கும்போது முட்டிக்கீல் மேலே தள்ளப்படக் கூடாது. கீலுக்கு எண்ணெய் விடாதீர்கள். கோலார்ச் செம்மண் அதில் ஒட்டி அரைக்கும். ஓட்டி முடித்த அன்றே ஈரத்துணியால் துடைத்து, தூசி தட்டி, உலர்ந்த சிலிகான் ஸ்ப்ரே அடித்து வையுங்கள்.