குளத்தோரத் தளம்: செயற்கைப் புல்லா, பேவர் கல்லா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டி முதல் கோவளம் வரை நீச்சல் குளத்தோடு வீடு கட்டுபவர்களுக்கு, குளத்தைச் சுற்றி என்ன பாவுவது என்ற கேள்வி பெரும்பாலும் கையிருப்பு கரைந்த பிறகுதான் எழுகிறது. அந்த நேரத்தில், சுருளாக வந்து ஓரிரு நாளில் விரிந்துவிடும் செயற்கைப் புல் கண்ணுக்கு இனிக்கிறது. தனித்தனிக் கற்களாக அடுக்கிப் பாவும் பேவர் கல், ஜல்லி, மணல், திமிசு என்று ஒரு வாரத்துக்கு மேல் இழுப்பதால் தலைவலியாகத் தெரிகிறது. ஆனால் குளத்தோரத் தளம், மேலே ஈரமான வெறுங்காலுக்குத் தரை, கீழே குளத்துக் குழாய்களுக்கு மூடி. இந்த இரண்டு வேலைகளையும் வைத்து எடை போட்டால் சதுர அடி விலை மூன்றாம் இடத்துக்குப் போய்விடும்.

முதலில் வெயில். உயிருள்ள புல் தன் இலைவழி நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. செயற்கைப் புல்லின் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் இழைக்கு அந்த வழி இல்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தினர் 2002இல் தங்கள் செயற்கைப் புல் மைதானத்தை அளந்தபோது, காற்றின் வெப்பம் 37 டிகிரி செல்சியஸாக இருந்த நாளில் புல்லின் மேற்பரப்பு 93 டிகிரி வரை சென்றது. தண்ணீர் தெளித்ததும் 79 டிகிரியிலிருந்து 29க்கு இறங்கிய புல், ஐந்து நிமிடத்தில் 49ஐயும் இருபது நிமிடத்தில் 73ஐயும் எட்டியது. எனவே, ‘சூடானால் ஹோஸ் பிடித்தால் போதும்’ என்று விற்பவர் சொல்வது, குளிக்க வந்தவர் குளத்தில் இறங்கும் வரைக்கும்தான் செல்லுபடியாகும். பேவர் மட்டும் சுடாதா என்றால், கறுத்த கடப்பாக் கல் காலைப் பொசுக்கும். வெளிர் சாம்பலோ சந்தன நிறமோ உள்ள கான்கிரீட் கல்லும் கத்திரி வெயிலில் சுடும், ஆனால் புல்லின் அளவுக்குப் போகாது. ஒன்றைப் புல்லின் பக்கம் சொல்லியாக வேண்டும்: பொழுது சாய்ந்ததும் அது விரைவில் ஆறிவிடும், கல் இரவு எட்டு மணிக்கும் வெதுவெதுப்பாக இருக்கும். வாங்கும் முன் இரண்டிலும் ஒரு துண்டு கேட்டு வாங்கி, மே மாதத்துப் பிற்பகல் இரண்டு மணிக்கு மொட்டைமாடியில் வைத்து, வெறுங்காலோடு பத்து எண்ணும் வரை நின்று பார்ப்பது எந்த விளம்பரத் தாளையும் விட நம்பகமானது.

வழுக்கும் விஷயத்தில் புல்தான் மேல். ஓடி வரும் பிள்ளை விழுந்தாலும் முழங்கால் சிராய்ப்பு குறைவு. பேவரில் எல்லாம் மேற்பரப்பைப் பொறுத்தது: மெருகேற்றிய கிரானைட்டும் பளபளக்கும் டைல்ஸும் குளத்தோரத்தில் ஆபத்து, தீச்சுடர் காட்டிக் கரடுமுரடாக்கிய கிரானைட்டோ சொரசொரப்பான கான்கிரீட் கல்லோ ஈரத்திலும் காலைப் பிடிக்கும். அந்தக் கல்லும் ஐப்பசி, கார்த்திகை மழையில் பாசி பிடித்தால் வழுக்கவே செய்யும். அதைத் தேய்த்துக் கழுவியபின் இடுக்குகளில் மணல் நிரப்ப வேண்டும்.

நிலத்தடி விவகாரத்துக்கு வருவோம். நான் பேவர் பக்கம் சாய்வதற்குக் காரணமே இதுதான். குளத்துக்குத் தோண்டி, சுவர் எழுப்பி, சுற்றிலும் நிரப்பிய மண் எவ்வளவு திமிசு போட்டாலும் முதல் மழைக்காலத்தில் சற்று இறங்கும். அந்த மண்ணுக்குள்தான், நீரின் மேல் மிதக்கும் குப்பையை இழுக்கும் ஸ்கிம்மரிலிருந்து பம்புக்கும், பம்பிலிருந்து குளத்துக்கும் போகும் பி.வி.சி. குழாய்கள் கிடக்கின்றன. கானத்தூரில் உறவினர் வீட்டுக் குளத்தில் நாளுக்கு ஒரு விரற்கடை தண்ணீர் குறைந்தது. வெயில் குடிக்கும் அளவை விட அது அதிகம். ஸ்கிம்மர் குழாயின் ஒரு முழங்கை இணைப்பில் கசிவு. இரண்டு ஆட்கள் நாற்பது பேவர் கற்களைக் கடப்பாரையால் நெம்பி எடுத்து, சாக்பீஸால் எண் போட்டு அடுக்கி, இணைப்பை மாற்றி, மண்ணை இறுக்கி, அதே கற்களை அதே இடத்தில் மாலைக்குள் பாவிவிட்டார்கள். அடுத்த தெருவில் இதே கோளாறு வந்த வீட்டில் கான்கிரீட் தளத்தின் மேல் புல் ஒட்டப்பட்டிருந்தது. புல்லை அறுத்து, கான்கிரீட்டை உடைத்து, மீண்டும் பூசி, புதுத் துண்டு ஒட்டினார்கள். வெயிலில் வெளுத்த பழைய பச்சைக்கு நடுவே அந்தப் புதுப் பச்சை, பழைய சட்டையில் போட்ட ஒட்டுப் போல இன்னும் தெரிகிறது.

துப்புரவில், வேப்பம்பூவும் கடற்கரை மணலும் கல்லின் மேல் விழுந்தால் துடைப்பத்தோடு போய்விடும். புல்லில் இழைகளுக்கு இடையே தங்கிவிடும். புல் நிமிர்ந்து நிற்கத் தூவும் சிலிக்கா மணல் ஈரக் கால்களில் ஒட்டிக் குளத்துக்குள் இறங்கும். ரப்பர் துகள் நிரப்பியவற்றைக் குளத்தருகே நினைக்கவே வேண்டாம். அத்தகைய நுண்நெகிழித் துகள்களின் விற்பனையை ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த விதி, கால அவகாசம் கொடுத்துப் படிப்படியாகத் தடை செய்கிறது.

விலையில் தொடக்கத்தில் புல்லுக்கே ஆதாயம். ஆனால் அது சில ஆண்டுகளில் மாற்றியாக வேண்டிய பொருள். கல்லில் உடைந்ததை மட்டும் மாற்றினால் போதும். பேவர் என்று முடிவெடுத்தால், வாகனம் ஏறாத தளத்துக்கு ஐ.எஸ். 15658 என்ற இந்தியத் தரநிலையின் 2006 பதிப்பில் சொன்ன எம்30 என்ற வலிமைத் தரமும் 50 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள கல்லைக் கேளுங்கள். குளத்திலிருந்து வெளிப்புறமாக ஐம்பது அடிக்கு ஓர் அடி வாட்டம் வேண்டும் என்று மேஸ்திரியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வாட்டம் உள்நோக்கி இருந்தால் மழைச் சேறு முழுவதும் குளத்துக்குத்தான் வரும்.

புல்லுக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. குளத்தின் விளிம்பிலிருந்து ஐந்தாறு அடிக்குக் கல் பாவி, அதற்கப்பால் குழாய் ஓடாத, பிற்பகலில் வீட்டு நிழல் விழும் கிழக்குப் பக்கத்தில், சாய்வு நாற்காலிகள் போடும் துண்டு நிலத்தில் மட்டும் புல் விரிக்கலாம்.